இரண்டு கூரைகள்



கிராண்ட்பாஸ் எனவும் பாலத்துறை எனவும் வழங்கும் பகுதியிலே, என் தந்தையார் காலந்தொட்டு நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கூரையை அண்மையில் மாற்ற நேர்ந்தது. அதே மாதங்களில், கனடாவிலே ஸ்காபரோவில் வாழும் என் தங்கையும் தன் வீட்டுக் கூரையை மாற்றினாள். அண்ணனும் தங்கையும் தொலைபேசியிற் செலவுக் கணக்கை ஒப்பிட்டுப் பார்த்தோம். அதிலே தெரியவந்த சிலவற்றை இன்று கூற விழைகின்றேன்.

பனிநாட்டுக் கூரையை முதலிற் பார்ப்போம். அங்கே பெரும்பாலான வீடுகளுக்குத் தார் தோய்ந்த ஷிங்கிள் என்னும் மெல்லிய தகடுகளே மேற்கூரை. அவற்றின் ஆயுள் 15 முதல் 25 ஆண்டுகள் எனலாம். வேலைகாரர் 100 சதுர அடியை ஒரு சதுரம் எனக் கொண்டு விலை பேசுவர். ஆயின், செலவின் பெரும்பகுதி அத்தகட்டிற்கு உரியதன்று. மாரியிலே வீட்டினுள் மூட்டிய சூடு மேலே கசிந்து, கூரைமீது கிடக்கும் பனியை உருக்குகின்றது. உருகிய நீர் குளிர்ந்த இறவாரத்தை அடைந்ததும் மீண்டும் உறைந்து அணைபோல் நின்றுவிடும். அதன் பின்னே தேங்கும் நீர் தகட்டின் அடியால் ஏறிச் சுவருக்குள் இறங்கும். இதனைத் தடுக்க இறவாரத்தின்மேல் நீர்புகா விரிப்பு ஒட்டவேண்டும். முகட்டறையிலே சூடு கசியாத பஞ்சு பரப்பவேண்டும். காற்றுப் போய்வர வழியும் விடவேண்டும். பனி விழுமுன் வேலை முடியவேண்டுமாதலால் இலையுதிர் காலத்திலே கூலியாள் கிடைப்பதும் அரிது. "காசெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத்தான் போகுது அண்ணா" என்றாள் தங்கை.

குளிருக்குக் கூரை செய்யும் கவலை நம் நாட்டுக்கும் புதிதன்று. நுவரெலியாப் பக்கத்து லயன் காம்பராக்களிலே, தகரத்தின் அடியில் இரவில் வியர்வைபோற் படியும் நீர் விடியற்காலையிற் படுக்கைமீது சொட்டுவதை அங்கு வாழ்ந்தோர் அறிவர்.

இனி என் வீட்டுக்கு வருவோம். கொழும்பில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. முன்னே எங்கள் வீட்டிற்குக் கள்ளிக்கோட்டை ஓடுதான் இருந்தது. கைமரங்கள் உளுத்தபோது, ஓட்டை இறக்கிவிட்டு அஸ்பெஸ்டஸ் சீற் போடுவித்தார் தந்தையார். அந்நாளில் அது புத்திசாலித்தனமான வேலை. ஓடு சதுர மீற்றருக்கு 40 கிலோ அளவு கனக்கும். சீற் அதிற் பாதியும் இராது. ஆதலின் மரம் குறைவு, கூலி குறைவு, கூரையின் சரிவையும் தாழ்த்திவிடலாம். அந்தத் தாழ்வே இன்று எனக்கு வினையாயிற்று. ஓட்டிற்குத் திரும்பவேண்டுமாயின் நல்ல சரிவு வேண்டும். இல்லையேல் காற்றோடு வரும் மழை ஓட்டின் இடுக்கால் உள்ளே வரும். சரிவை உயர்த்தச் சுவரை உயர்த்தவேண்டும்; சுவரோ அயல்வீட்டாருக்கும் பொது. தோட்டத்து வீடுகளிலே ஒருவர் கூரை மற்றவர் பீலியிலேதான் முடிகின்றது.

அப்படியானால் பழைய சீற்றையே ஒட்டுப்போட்டு வைத்திருக்கலாகாதா என்று கேட்கலாம். அஸ்பெஸ்டஸ் என்பது கல்நார். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிபு. முழுதாய்க் கிடக்கும் சீற்றினால் வரும் ஆபத்து குறைவு. உடைக்கும்போதும், அறுக்கும்போதும், பாசி நீங்கத் தேய்க்கும்போதும் பறக்கும் தூசியே நுரையீரலிற் படிகின்றது. நோய் தலைகாட்டப் பல பத்தாண்டுகள் செல்லும். நீல வகையை இலங்கை 1987இல் தடைசெய்தது. வெள்ளை வகையையும் 2024க்குள் நிறுத்துவதெனப் பின்னர் அரசு திட்டமிட்டது. 2017 டிசம்பரிலே, தேயிலைப் பொதியில் ஒரு வண்டு அகப்பட்டதென்று ருஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. நமக்குக் கல்நாரைப் பெருமளவில் அனுப்பிவந்த நாடும் அதுவே. சில நாட்களில் கல்நார்த் தடை ஒத்திவைக்கப்பட்டது; தேயிலை வழியும் திறந்தது. ஒரு வண்டு என் கூரைமட்டும் வந்த கதை இது.

என்னிடம் வந்த மேசன் பாஸ் நல்ல தொழிலாளி. மரம், சீற், ஆணி, பீலி, கூலி எல்லாம் கணக்கில் எழுதியிருந்தார். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறிய பின்னர் இறக்குமதிப் பொருள் எதற்கும் பழைய விலை இல்லை. 2024 முதல் பெறுமதி சேர் வரியும் நூற்றுக்கு 18. அதற்கு நான் ஆயத்தமாகவே இருந்தேன். எனினும் பழைய சீற்றை இறக்கும் செலவு அத்தாளில் இல்லை. கேட்டபோது, "அதுக்கு என்ன ஐயா, சுத்தியலால தட்டினா ஒரு மணித்தியாலத்தில கீழ விழுந்திடும்" என்றார். தங்கையின் கணக்கிலோ கழிவகற்றல் தனி வரியாக, கனத்த தொகையோடு இருந்தது. அங்கே ஷிங்கிளைக் கிழித்தெறியவே அத்தனை செலவு; இங்கே கல்நாரை உடைக்கச் செலவே இல்லை! எங்கள் முற்றத்திற்கும் அயல்வீட்டு அடுப்படிக்கும் இடையே நான்கு முழந்தான். அவ்வீட்டிலே தவழும் பிள்ளை ஒன்று உண்டு.

சீற்றுகளை நனைத்து, ஆணிகளைக் கழற்றி, ஒவ்வொன்றாய் முழுதாக இறக்கவேண்டும் என்றேன். இரண்டு நாட் கூலி மிகுதியாயிற்று. மேலே போடுவதற்கு ஓடு இயலாமையால், நாகமும் அலுமினியமும் பூசிய உருக்குத் தகடும் அதன்கீழ் வெப்பந்தடுக்கும் விரிப்பும் தெரிந்தேன். அங்கே சூடு வெளியே போகாதிருக்கவும் இங்கே சூடு உள்ளே வராதிருக்கவும் ஒரே விதமான பொருளுக்கு நாங்கள் இருவரும் பணம் கொடுத்தோம். விரிப்பின் செலவைத் தங்கை அனுப்பினாள். மழை பெய்தால் முன்னிலும் சத்தம் அதிகம். அதற்கு இன்னும் பழகவில்லை.

இறக்கிய சீற்றுகள் பொலித்தீனாற் சுற்றப்பட்டு வீட்டின் பின்புறச் சுவரோடு நிற்கின்றன. கோழிக்கூட்டிற்குத் தருமாறு இருவர் கேட்டுவிட்டனர். எடுத்துச் செல்ல லொறிக் கூலியும் தாமே தருவதாக ஒருவர் சொல்கின்றார். நான் இன்னும் இசையவில்லை.