எலக்ட்ரான் திரும்பி ஓடிய கணக்கு



கோலாலம்பூரை ஒட்டிய செலாயாங் பக்கம் பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: இதில் ஏ எடுத்தால் டாக்டருக்குப் போகலாமா, இஞ்சினியருக்குப் போகலாமா? இயற்பியலையே படிக்கப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் வீட்டில் சோறு இறங்காது.

அந்தப் பெற்றோருக்காக இன்று ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன். ஜாலான் கூச்சிங் நெரிசலைத் தாண்டிவிட்டால் செலாயாங்கிலிருந்து அதிக தூரமில்லாத பந்தாய் பள்ளத்தாக்கில், மலாயாப் பல்கலைக்கழகத்தில், 1959 முதல் 1968 வரை கணிதப் பேராசிரியராக இருந்தவர். பெயர் கிறிஸ்டி ஜெயரத்தினம் எலியேசர். 1918இல் பிறந்த யாழ்ப்பாணத் தமிழர். பருத்தித்துறை ஹாட்லி கல்லூரியில் படித்து, கொழும்புக்குப் போய், அங்கிருந்து கேம்பிரிட்ஜ் போனார். அங்கே அவருக்கு ஆய்வு வழிகாட்டி பால் டிராக். 1933இல் நோபல் பரிசு பெற்ற அதே டிராக்தான். பேச்சிலும் சிக்கனம், ஆய்வு மாணவர்களைச் சேர்த்துக்கொள்வதிலும் சிக்கனம். அப்படிப்பட்டவரிடம் போய்ச் சேர்ந்ததே பெரிய காரியம்.

அங்கே எலியேசர் செய்த கணக்கைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பயப்படாதீர்கள், சூத்திரம் எதுவும் வராது.

முடுக்கம் பெறும் எலக்ட்ரான் ஒளியை உமிழும். உமிழ்ந்தால் ஆற்றல் குறையும். அந்த இழப்பு எலக்ட்ரானின் ஓட்டத்தை எப்படி மாற்றும் என்பதற்கு டிராக் 1938இல் ஒரு சமன்பாடு தந்தார். எலியேசர் அதை மிக எளிய நிலைமையில் வைத்துப் பார்த்தார். நடுவில் ஒரு புரோட்டான். அதை நோக்கி நேர்கோட்டில் ஓர் எலக்ட்ரான் வருகிறது. ஒன்று நேர்மின், மற்றது எதிர்மின். இழுத்துக்கொள்ள வேண்டும், மோத வேண்டும். 1943இல் வெளியான அவருடைய கட்டுரை சொன்னது வேறு. அந்தச் சமன்பாட்டின்படி எலக்ட்ரான் புரோட்டானைத் தொடவே தொடாது. நெருங்கி வந்து, வேகம் குறைந்து, நின்று, திரும்பி, மேலும் மேலும் முடுக்கம் பெற்று ஓடிவிடும். கிணற்றில் போட்ட கல் பாதியில் நின்று, நம் தலைக்கு மேலே பறந்து போகிற மாதிரி.

இயற்கையில் அப்படி நடக்காது. ஆகவே கோளாறு எலக்ட்ரானில் இல்லை, சமன்பாட்டில் இருக்கிறது. எழுதியவர் தன் சொந்த ஆசிரியர் என்பதற்காக எலியேசர் அதைப் பூசி மெழுகவில்லை. 1948இல் அந்த நோய் இல்லாத வேறொரு சமன்பாட்டைத் தானே முன்வைத்தார். பல ஆண்டுகள் அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1990களில் அமெரிக்காவில் பணிபுரிந்த இயற்பியலாளர்கள் ஃபோர்டும் ஓ'கானலும் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இன்று மிகச் சக்திவாய்ந்த லேசர்களால் எலக்ட்ரானை அடித்துப் பார்க்கும் துறையில், எலியேசர் பெயரும் சேர்ந்தே அந்தச் சமன்பாடு வழங்குகிறது.

இவர் எப்படிக் கோலாலம்பூர் வந்தார்? இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பத்தாண்டு பேராசிரியர். 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம். 1958இல் இனக்கலவரம். 1959இல் எலியேசர் இங்கே. தேதிகளைப் பக்கத்தில் வைத்துக் காட்டுவதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

வந்த நேரம் நல்ல நேரம். 1949இல் சிங்கப்பூரில் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு 1959 ஜனவரியில்தான் கோலாலம்பூரில் தன்னாட்சிப் பிரிவு அமைந்தது. 1962இல் அந்தப் பிரிவு தனிப் பல்கலைக்கழகமானது. அப்போதைய துணைவேந்தர் அலெக்சாண்டர் ஓப்பன்ஹைம், அவரும் ஒரு கணித மேதை. ஜப்பானியர் காலத்தில் சாங்கி சிறைமுகாமில் அடைபட்டிருந்தபோதே கைதிகளுக்கு வகுப்புகள் நடத்தியவர்களில் ஒருவர். துணைவேந்தரே கணிதக்காரர் என்றால் கணிதத் துறையின் மதிப்பு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அறிஞர்கள் நாடுவிட்டு நாடு போவதைப் பற்றி ஆராய்ந்த இன்னொருவரையும் இங்கே சொல்ல வேண்டும். ஹைஃபாவில் 1928இல் பிறந்த பாலஸ்தீனர் அந்துவான் ஸஹ்லான், பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய ஸஹ்லான் போகப் போக ஒரே கேள்வியைத் துரத்த ஆரம்பித்தார்: எண்ணெய்க் காசு இருக்கிறது, பட்டதாரிகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், அரபு நாடுகளில் அறிவியல் ஏன் வேர்விடவில்லை? ஆலையின் திட்டம், வடிவமைப்பு, கட்டுமானம், ஆலோசனை எல்லாவற்றையும் வெளிநாட்டு நிறுவனத்திடம் கொடுத்துவிட்டுச் சாவியை மட்டும் கையில் வாங்கினால், உள்ளூர்க்காரன் எதைக் கற்றுக்கொள்வான் என்று கேட்டார். வேலை கற்க வழியில்லாதவன் விமானம் ஏறுகிறான். 1980இல் அரபு உலகின் அறிவியல் கொள்கையைப் பற்றி அவர் நூல் வந்தது. மறு ஆண்டு, அறிஞர்களின் வெளியேற்றம் குறித்து அவர் பதிப்பித்த தொகுப்பு வந்தது.

ஸஹ்லான் எழுதியதை எலியேசரின் வாழ்க்கையில் இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். கொழும்பு இழந்தவரை நாம் பெற்றோம். ஒன்பது ஆண்டு கழித்து நாமும் இழந்தோம். மெல்பர்னில் லா ட்ரோப் பல்கலைக்கழகம் 1967இல் திறந்தது. மறு ஆண்டே எலியேசர் அங்கே போனார். அங்கேயே ஆய்வு, அங்கேயே ஓய்வு. அந்த ஊர்த் தமிழ் அமைப்புகளுக்குத் தலைமை ஏற்று, ஈழத்தமிழர் நிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். 2001இல் காலமானார்.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அதே காலத்தில் அதே வளாகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக இருந்தவர் தனிநாயகம் அடிகள். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டியவர். அடிகளாரும் யாழ்ப்பாணத்தவர்தான். அடிகளாரைத் தெரியாத தமிழாசிரியர் மலேசியாவில் இல்லை. அது சரியான மரியாதை. எலியேசரைத் தெரிந்த இயற்பியல் ஆசிரியர் எத்தனை பேர்? தமிழ் வளர்த்தவருக்கு விழா எடுக்கும் நாம், கணக்குப் போட்டவரின் பெயரைக்கூட பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதில்லை. இது அறிவியல் மேல் நமக்குள்ள மரியாதையின் அளவு என்றே நினைக்கிறேன்.

1960களில் பந்தாய் வளாகத்தில் கணிதம் படித்தவர்கள் இன்று எண்பதை ஒட்டிய வயதில் இருப்பார்கள். பலர் பள்ளிகளில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். பிரிக்ஃபீல்ட்ஸிலோ கிள்ளானிலோ செலாயாங்கிலோ உங்கள் வீட்டில் அப்படியொரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எலியேசர் எப்படிப் பாடம் நடத்துவார், யாரையாவது திட்டுவாரா, தமிழில் பேசுவாரா என்று கேளுங்கள். சொல்வதைக் கைப்பேசியில் பதிவு செய்து எங்களுக்கும் அனுப்பி வையுங்கள்.