வேலை கேட்டு வருவோருக்கு வழி விடுவோம்



நான் ஒரு நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை பார்ப்பவன். உயர் பொறுப்பில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்க கம்பெனி வலைத்தளத்தில் நீங்களே ஒருமுறை வேலைக்கு விண்ணப்பித்துப் பாருங்க. அதுவும் செல்போனில்!

முதல் கட்டத்திலேயே ‘குடும்பப் பெயர் கட்டாயம்’ என்று நிற்கும். நம்ம பிள்ளைகளுக்கு இருப்பது இனிஷியல்தானே? ஒருத்தர் அப்பா பெயரைப் போடுவார். இன்னொருத்தர் தன் பெயரையே இருமுறை போடுவார். பின்னால் சான்றிதழ் சரிபார்க்கும்போது பெயர் பொருந்தாமல், கைக்கு வந்த வேலை தள்ளிப்போகும். ‘முழுப்பெயர்’ என்று ஒரே கட்டம் வைத்தால் தீர்ந்தது.

முதல் பக்கத்தில் வாங்கிய முகவரியை நாலாம் பக்கத்திலும் கேட்கிறோம். கொடுத்த விவரத்தை மறுபடி தட்டச்சு செய்ய வைக்காதீர்கள் என்று 2023-இல் வெளியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 என்ற சர்வதேச வலைத்தள நெறிமுறையே சொல்கிறது.

எல்லாவற்றையும் விட முக்கியம் பதில். ‘தேர்வாகவில்லை’ என்று ஒரு வரி வந்தால் அந்தப் பிள்ளை அடுத்த இடம் பார்க்கும். வராவிட்டால் மாதக்கணக்கில் காத்துக் கிடக்கும். கம்ப்யூட்டரே அனுப்பிவிடும் கடிதத்துக்கு நாம் ஏன் கஞ்சத்தனம் காட்டணும்?

மாணவர்களே, சான்றிதழில் உள்ளபடியே பெயரை எழுதுங்க. விண்ணப்ப எண்ணைக் குறித்து வையுங்க. பதில் வரும்வரை ஒரே இடத்தை நம்பி இருக்காதீங்க.