வனமும் வருவாயும்

(அச்சங்குளம் கிராம சபைக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

மேற்கு மலையில் புலிகள் காப்பகம் அமைந்துவிட்டது. வன விலங்குகளைக் காண வெளியூரார் வருவார்கள். அதனால் நம் ஊருக்கு என்ன பயன் விளையும் என்று இளைஞர் பலர் கேட்டு வருகின்றனர். நல்ல வினா. அதற்கு இயன்ற அளவு விடை கூற விரும்புகிறோம்.

2021ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களை இவ்வூரார் மறத்தல் இயலாது. அத்திங்கள் 12ஆம் நாள் இங்குள்ள பட்டாசு ஆலை ஒன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர். அதே திங்களில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமும் அமைக்கப்பெற்றது. இவ்விரண்டிற்கும் தொடர்பு ஏதும் இல்லை. ஆயினும், "பிள்ளைகளுக்குப் பட்டாசைத் தவிர வேறு பிழைப்பு உண்டா?" என்று தாய்மார்கள் ஏங்கி நின்ற வேளையில் இக்காப்பகம் வந்தமையால், அதன்மீது பலருடைய நம்பிக்கையும் படர்ந்துள்ளது. அந்நம்பிக்கையில் மெய் எவ்வளவு, மிகை எவ்வளவு என்று ஆராய்வது நம் கடமையாகும்.

முதலில் காப்பகத்தைப் பற்றிச் சிறிது அறிவோம். 1988இல் ஏற்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயத்தையும், தேனி மாவட்டத்து மேகமலை சரணாலயத்தையும் இணைத்து இது உருவாயிற்று. பரப்பு ஆயிரம் சதுர கிலோ மீட்டருக்கும் மேல். நாட்டில் 51ஆவது, தமிழ்நாட்டில் ஐந்தாவது புலிகள் காப்பகம் இது. இதற்கு முன்னரே முதுமலை, ஆனைமலை, களக்காடு-முண்டந்துறை, சத்தியமங்கலம் ஆகியவை இருந்தன. கிண்டி, முதுமலை, முக்குருத்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா என ஐந்து தேசியப் பூங்காக்களும் நம் மாநிலத்தில் உள்ளன. 2006ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் புலிகள் 76 என மதிப்பிடப்பட்டன. 2022இல் அத்தொகை 306 ஆயிற்று. காவல் வீண்போகவில்லை என்பதற்கு இதுவே சான்று.

காட்டின் முதற்பயன் சுற்றுலா அன்று, தண்ணீர். நம் வைப்பாறு அம்மலைத் தொடரில் பிறந்தே வெம்பக்கோட்டை நீர்த்தேக்கத்தை அடைகிறது. மலையில் மரம் குறைந்தால் மழைநீர் ஒரே நாளில் வெள்ளமாய் ஓடிவிடும். பின்னர் ஆறு மணலாய்க் கிடக்கும். கரிசல் மண்ணில் வானத்தை நோக்கி வாழும் நமக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. புலி வாழும் காடு தழைத்த காடு; தழைத்த காடே நீரைத் தேக்கும் காடு. ஆகையால், காப்பகத்தினின்று நமக்கு ஒரு காசும் வாராவிடினும், அது நமக்கு வேண்டியதே.

இனி வருவாயைப் பார்ப்போம். காடு திருவிழாக் கடைவீதி அன்று. 2012இல் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலாவைச் சில திங்கள் நிறுத்தி வைத்தது. பின்னர் வகுக்கப்பட்ட விதிகள், மையப் பகுதியில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் சுற்றுலாவுக்கு விடலாகாது என்றன. நீலகிரியில் சீகூர்ப் பகுதியில் யானைகள் காலங்காலமாய் நடக்கும் வழியில் தங்கும் விடுதிகள் எழுந்தன; 2020இல் உச்ச நீதிமன்றம் யானை வழித்தடத்தை உறுதிசெய்து தீர்ப்பளித்தது. விடுதிகளில் போட்ட முதல் வீணாயிற்று. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களில் 20 பேருக்கு மேல் காட்டுத் தீக்கு இரையாயினர். அளவும் விதியும் மீறினால் விலங்குக்கும் கேடு, மனிதர்க்கும் கேடு.

இதனை நீங்கள் எவரினும் நன்கு உணர்வீர்கள். மருந்து அறைக்குள் இத்தனை பேர்தான், இத்தனை மருந்துதான் என்று விதி இருக்கிறது. வேலை பெருகிற்று என்று பத்துப் பேர் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை இவ்வூர்க்குச் சொல்ல வேண்டுமோ? காட்டிற்கும் அத்தகைய அளவு உண்டு.

அளவோடு நடந்தால் பயன் உண்டு என்பதற்கு அண்டையிலேயே சான்று இருக்கிறது. மேகமலையை ஒட்டிய கேரளத்துப் பெரியாறு காப்பகத்தில், 1996இல் தொடங்கிய சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின்கீழ், முன்னர் மரப்பட்டையைத் திருட்டுத்தனமாய் உரித்து விற்றவர்களே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினர். காட்டின் மூலை முடுக்கெல்லாம் அவர்கள் அறிந்தவை அல்லவா? அவ்வறிவே அவர்களுக்குச் சோறிட்டது. அங்குள்ள பெண்கள் 'வசந்த சேனை' என ஒன்றுகூடி, கூலி பெறாமலே காட்டைச் சுற்றிக் காவல் புரிகின்றனர். தமிழ்நாட்டில் 2024இல் தொடங்கப்பெற்ற மலையேற்றத் திட்டம் 40 வழித்தடங்களில் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளை அமர்த்தியுள்ளது.

ஒன்றை மறைக்காமல் கூறிவிடுகிறோம். வழிகாட்டி வேலையில் முதல் உரிமை செண்பகத்தோப்புப் பளியர்களுக்கும் மலையடிவாரத்து ஊர்களுக்குமே உரியது. அச்சங்குளத்தார் அதற்குப் போட்டியிடுதல் முறையன்று. நமக்குரிய பங்கு வேறு.

முதலாவது, சதுரகிரி. ஆடி அமாவாசைக்குச் சுந்தரமகாலிங்க சுவாமியைத் தரிசிக்கப் பெருந்திரளான மக்கள் காப்பகத்தினூடே மலையேறுகின்றனர். புலி பார்க்க வருவோரினும் இவர்களே மிகுதி. இவர்கள் விட்டுச் செல்லும் பிளாஸ்டிக் மானும் யானையும் தின்னும் நஞ்சு. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கிற்கு 2019 முதல் மாநிலத்தில் தடை உண்டு. ஆனால் மாற்றுப் பொருள் கைக்கு எட்டவேண்டும். துணிப்பை, பனையோலைக் கொட்டான், ஓலையில் பொதிந்த தின்பண்டம் ஆகியவற்றை நம் மகளிர் சுய உதவிக் குழுக்கள் வீட்டிலிருந்தே செய்து தரலாம். கந்தகத்தை நெருங்காத வேலை இது.

இரண்டாவது, சிவகாசி அச்சுத் தொழில். நாடெங்கும் நாட்காட்டி அனுப்பும் ஊர், பக்கத்து மலையின் பறவைகளையும் சாம்பல் நிற அணிலையும் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு படப் புத்தகம் அச்சிட இயலாதா? படித்த இளைஞர்கள் இதனை மேற்கொள்ளலாம்.

மூன்றாவது, நம் கண்மாய்கள். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளமும் ஒரு பாசனக் குளமே. அங்கே நாரைகளும் கூழைக்கடாக்களும் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகிறது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை ஊரார் எடுத்து வளர்த்தனர். அரசு 1994இல் அதனைச் சரணாலயமாக அறிவித்தது; காவலோ அதற்கு முன்பே மக்களுடையது. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியிலும், கொள்ளுக்குடிப்பட்டியிலும் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை.

பட்டாசு செய்யும் ஊரில் நின்று பட்டாசு வெடிக்காத ஊரைப் புகழலாமா என்று சிலர் நகைக்கலாம். அவ்வூரார் நம் தொழிலைப் பழிக்கவில்லை, விருந்தினரை மதித்தனர். பட்டாசை எங்கே வெடிக்கலாம், எங்கே ஆகாது என்பதைச் செய்பவரே எடுத்துரைத்தால் அச்சொல்லுக்கு மதிப்பு மிகுதி. நம் கண்மாயில் சீமைக் கருவேலை அகற்றிக் கரையில் நாட்டுக் கருவேலும் புங்கும் நட்டு, குப்பை கொட்டாமலும் வேட்டையாடாமலும் காப்போமானால், பறவை தானே வரும். பறவை வந்த பின் மக்கள் வருவர்.

இவற்றால் ஆலைகள் தரும் கூலிக்கு நிகரான வருவாய் உடனே கிட்டிவிடும் என்று நாம் வாக்களிக்கவில்லை. அங்ஙனம் கூறுவது ஏமாற்றாகும். ஆயினும், ஒரு வீட்டில் இருவர் ஆலைக்குச் செல்லுமிடத்து ஒருவரேனும் வேறு தொழிலில் அமர்ந்தால், அவ்வீட்டின் அச்சம் பாதி குறையும். அதுவே பெரும் பயன் அன்றோ? மகளிர் குழுக்கள் கொட்டான், துணிப்பைத் தயாரிப்புக்கான பயிற்சியும் கடனும் வேண்டி இக்கூட்டத்திலேயே தீர்மானம் இயற்றித் தருமாறு வேண்டுகிறோம். கண்மாய்க் கரையில் மரம் நடும் வேலையையும் ஊராட்சியின் வேலைத் திட்டத்தில் சேர்ப்போம். மேற்றிசை மலையில் காடு தழைக்க, கீழ்த்திசையில் நம் ஊரும் தழைக்குமாக.