முதல் இரவில் யார் போவது?

(விழிஞ்ஞத்தில் நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கலவரம் மூளும் நாளில் மேடையேறி முழங்குவதற்கு ஆள் பஞ்சமே வராது. எதிர்த் தரப்பின் வீட்டுக்கு நடந்துபோய், “உங்கள் பிள்ளைக்கு அடி பலமா?” என்று கேட்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. அந்த ஆளைத்தான் நான் தலைவர் என்பேன். அவரைப் பற்றியே பேச வந்தேன்.

நாம் நிற்கும் இந்த மண்ணையே பாருங்கள். 2015 டிசம்பரில் இங்கே துறைமுக வேலை தொடங்கியது. கடல் கரையைத் தின்றது. துறைமுகத்தால்தான் அரிப்பு என்றார்கள் மீனவர்கள். இல்லை என்றது அரசு. வீடிழந்த குடும்பங்கள் வலியதுறையில் சிமெண்டுக் கிடங்கில் கிடந்தன. பிள்ளைகுட்டிகளோடு கிடங்கில் குடித்தனம் நடத்துவது எப்படி என்று தகரக் கொட்டகையில் வாழ்ந்த நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022-ல் லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் தலைமையில் மீனவர் போராட்டம் எழுந்தது. அதே நேரத்தில், துறைமுகம் வந்தால் பிள்ளைக்கு வேலை வரும் என்று நம்பிய உள்ளூர் மக்கள் எதிர்ப்பந்தல் போட்டார்கள். அவர்களும் ஏழைகள், இவர்களும் ஏழைகள்.

நவம்பர் 26 அன்று கல் பறந்தது; கைது நடந்தது. மறுநாள் இரவு காவல் நிலையமே தாக்கப்பட்டது. 30-க்கும் மேற்பட்ட காவலர்கள் காயமடைந்தார்கள். சுமார் 3,000 பேர் மீது வழக்கு. பேராயரின் பெயரும் வழக்கில் ஏறியது. அந்தச் சூட்டில் ஒரு பாதிரியார், முஸ்லிம் அமைச்சர் ஒருவரின் பெயரைச் சொல்லி மதத்தைக் குத்திப் பேசினார். பின்பு மன்னிப்பும் கேட்டார்.

ஒரு வாய்ச்சொல்தானே என்று தள்ளிவிட முடியுமா? இந்தக் கரையின் கணக்கைப் புரட்டுங்கள். 1992-ல் பூந்துறை. 1995-ல் இதே விழிஞ்ஞத்தில் கிறிஸ்தவ மீனவரும் முஸ்லிம் மீனவரும் வெட்டிக்கொண்டார்கள். 2009 மே 17-ல் பீமாபள்ளியில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 6 பேர் மாண்டார்கள். இத்தனை காய்ந்த ஓலை கிடக்கும் இடத்தில் விழுந்த நெருப்புப்பொறி அது. 2022-ல் அது பற்றிக்கொள்ளவில்லை. கர்தினால் கிளீமிஸ் போன்றவர்கள் இரு பக்கமும் பேசினார்கள். டிசம்பர் 6-ல் முதலமைச்சரோடு பேச்சு நடந்து போராட்டம் நின்றது. வீடிழந்தோருக்கு மாதம் 5,500 ரூபாய் வாடகை என்றார்கள். துறைமுக வேலையை நிறுத்தவேண்டும் என்ற பெரிய கோரிக்கை கிடைக்கவில்லை. மீனவர்களுக்கு அதில் மனக்குறை உண்டு, இருக்கத்தான் செய்யும். இரக்கம் என்றால் கோரிக்கையைக் கைவிடுவது என்று நான் சொல்லவில்லை. பிணம் விழாமல் நின்றதால்தான் நாளைக்கும் அந்தக் கோரிக்கையைப் பேச முடிகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தபோது, ஒரு காலத்தில் வெட்டிக்கொண்ட இந்தக் கரையின் மீனவர்களே படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போனார்கள். கூரைமேல் நின்றவனிடம் ‘நீ எந்த மதம்’ என்று கேட்டுவிட்டா கை கொடுத்தார்கள்? அதற்கு முந்தைய ஆண்டு ஒக்கிப் புயலில் பூந்துறைக்காரனும் போனான், நம் வள்ளவிளைக்காரனும் போனான். இந்தத் துறையில் நின்று அழுத பெண்களின் குரலில் எது தமிழ், எது மலையாளம் என்று யாரால் பிரித்திருக்க முடியும்?

இப்போது நம் கதைக்கு வருகிறேன். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையில் பெங்களூரில் தமிழர்கள் அடிபட்டு ஊரைவிட்டு ஓடினார்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரத்தில் இடுக்கித் தோட்டங்களில் நம் பெண்கள் தாக்கப்பட்டார்கள். இதைக் கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறோம். அதே நாட்களில் தமிழ்நாட்டில் மலையாளிகளின் கடைகள் நொறுக்கப்பட்டதை எத்தனை கூட்டத்தில் பேசினோம்? நானே பேசியதில்லை. அந்த டிசம்பரில் எங்கள் லைன் வீட்டுப் பிள்ளைகள், முக்கில் இருந்த மலையாளியின் டீக்கடையில் இனிக் கால் வைப்பதில்லை என்று கூடி நின்றார்கள். நான் சங்கத்தில் பொறுப்பில் இருந்தவன், வாய் திறக்கவில்லை. ஒரு சித்தாள் அக்காதான், “ரெண்டு மாசம் கடன் சொல்லிக் குடிச்சப்போ அவரு நம்ம மொழி பார்த்தாரா?” என்று கேட்டுவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். பொறுப்பு என்னிடம் இருந்தது, தலைமை அவரிடம் இருந்தது.

விழிஞ்ஞம் ஆய் மன்னர்களின் ஊர், பழைய தமிழ்நாடு என்று சில தம்பிகள் மார்தட்டுகிறார்கள். வரலாறு படிப்பது நல்லதுதான். ஆனால் ஆய் மன்னன் வந்து வாடகை கட்டப்போவதில்லை. ஆபத்தென்றால் பக்கத்து வீட்டுச் சேச்சிதான் நம் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்.

ஆகவே சங்கத்தின் முன் ஒரு யோசனை வைக்கிறேன். எந்தத் தகராறு மூண்டாலும், அறிக்கை எழுதுவதற்கு முன்பு, அன்று இரவே நான்கு பேர் கிளம்பவேண்டும். இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். மலையாளம் சரளமாகப் பேசத் தெரிந்தவர்கள் வேண்டும். அடிபட்டவன் எந்தப் பக்கத்தவனானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்க்கவேண்டும். தமிழன் செத்தான் என்று போனில் செய்தி பரவினால், உண்மையா என்று நேரில் தெரிந்துகொண்டு வந்து சொல்லவேண்டும். குற்றம் நம் பையன் மேல் என்றால் அதையும் மறைக்கக்கூடாது. இதில் வசவு வரும். நம் ஆட்களே துரோகி என்பார்கள். தாங்குகிறவர்கள் வந்தால் போதும்.

என் பெயரை முதலில் எழுதிவிட்டேன். அந்தச் சித்தாள் அக்காவும் வந்திருக்கிறார், சரி என்று சொல்லியிருக்கிறார். இன்னும் இரண்டு பேர் வேண்டும். கூட்டம் முடிந்ததும் பொருளாளரின் மேசைப் பக்கம் வாருங்கள், நோட்டு அங்கே இருக்கிறது.