பாலர் பள்ளியில் தமிழ் விளையாடட்டும்



பிள்ளையின் விருப்பத்தை ஒட்டிய கல்வி என்றதும் நம் பெற்றோர் பலர் முகம் சுளிக்கிறார்கள். "பிள்ளை நாள் முழுக்க விளையாடும், ஆசிரியர் வேடிக்கை பார்ப்பார், இதற்கா மாதாமாதம் கட்டணம்?" நியாயமான கேள்விதான்.

1907ஆம் ஆண்டில் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியவர் மரியா மாண்டிசோரி. அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளைத் துளைகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக நாற்பது தடவைக்கு மேல் செய்தாள். மாண்டிசோரி எண்ணிக்கொண்டிருந்தார். அந்த உருளைகளைத் தேர்ந்தெடுத்துக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தது பெரியவர்கள்தான். எதை வைப்பது, எப்போது தலையிடுவது என்பதெல்லாம் ஆசிரியரின் வேலை. வேடிக்கை பார்ப்பதைவிடக் கடினமான வேலை!

இந்த அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே இருந்தார், சில காலம் கொடைக்கானலில். ஆக, தமிழ் மண்ணுக்கு இது புதிய சரக்கல்ல.

சிங்கப்பூருக்கு வருவோம். தொடக்கநிலை ஒன்று, இரண்டில் மதிப்பெண்ணுக்கான தேர்வுகள் 2019இலேயே நீக்கப்பட்டன. ஆனாலும் நான்கு வயதுப் பிள்ளையின் பையில் பயிற்சித்தாள் இல்லையென்றால் நமக்குத் தூக்கம் வருவதில்லை. இதில் அதிகம் அடிபடுவது தமிழ். எப்படி என்கிறீர்களா? நம் வீடுகள் பலவற்றில் பிள்ளை ஆங்கிலத்தில் விளையாடுகிறது, ஆங்கிலத்தில் சண்டை போடுகிறது. தமிழோ தாளில் புள்ளிக்கோடாக வருகிறது. விளையாட்டுக்கு ஒரு மொழி, வேலைக்கு ஒரு மொழி என்று பிள்ளை பிரித்துக்கொண்டால் எந்த மொழியை விரும்பும்?

மழை விட்டதும் புளோக்கின் கீழே நத்தை ஒன்று போகிறது. பிள்ளை குந்தி உட்கார்ந்து பார்க்கிறது. "வகுப்புக்கு நேரமாச்சு, வா" என்று இழுத்துப்போய் 'ந' எழுதச் சொல்லலாம். அல்லது ஆசிரியரும் கூடவே உட்காரலாம். ஊர்கிறது, வழவழ, ஓடு, கொம்பு, ஈரம். ஐந்து நிமிடத்தில் ஐந்து சொல். பிள்ளை பாதி ஆங்கிலத்தில்தான் கேட்கும், கேட்கட்டும். பதில் நல்ல தமிழில் வந்தால் போதும்.

எழுத்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் வளைவெழுத்துகளுக்குக் கை பழகத்தான் வேண்டும். மாண்டிசோரி முறையில் உப்புத்தாளில் வெட்டிய எழுத்தைப் பிள்ளை விரலால் தடவிப் பார்த்து, ஒலியையும் சொல்லும். பென்சில் பிறகு வரும்.

அடுத்த ஆண்டுக்குப் பாலர் பள்ளி தேடும் பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். பள்ளியைப் பார்க்கப் போகும்போது, எத்தனை எழுத்து கற்பிப்பீர்கள் என்பதோடு, போன வாரம் பிள்ளைகள் தமிழில் என்ன கேட்டார்கள் என்றும் தமிழாசிரியரிடம் விசாரியுங்கள்.