பட்டா பார்க்கும்போது உங்கள் கண் எங்கே போகிறது?

தேனிக்குப் போகணும்னா மதுரையில் எந்த பஸ் ஸ்டாண்டுக்குப் போவீங்க? உள்ளூர்க்காரர் யோசிக்காமல் ஆரப்பாளையம் என்பார். ஊருக்குப் புதியவர் மாட்டுத்தாவணியில் நின்று ஒவ்வொரு போர்டாக வாசித்துக்கொண்டிருப்பார். அவருக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. நிற்கிற இடம்தான் வேறு.

அரசு இணையதளங்களிலும் இதேதான் நடக்கிறது. பட்டா, சிட்டா பார்க்க 'எங்கிருந்தும் எந்நேரமும்' தளம். பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்க 'தமிழ்நிலம்'. வில்லங்கச் சான்றுக்குப் பதிவுத்துறையின் தளம். பழகியவருக்கு இவை மூன்று வாசல்கள். புதியவருக்கு எல்லாமே 'கவர்மென்ட் வெப்சைட்'. பட்டா தளத்தில் வில்லங்கத்தைத் தேடிவிட்டு, "சைட் வேலை செய்யலை"ன்னு மூடிடுவாங்க.

சரியான தளத்துக்கே வந்தாலும் பார்வை வேறுதான். இ-சேவை மைய ஊழியர் பக்கத்தை வாசிப்பதே இல்லை. மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் என்று விரல் தானாகப் போகும். மேலூர் பக்கத்து விவசாயி முதல் வரியிலிருந்து எல்லாவற்றையும் வாசிக்கிறார். அவர் வாயில் தாலுகா, திரையில் 'வட்டம்'. அவருக்கு சர்வே நம்பர். திரையில் 'புல எண்'. பத்திரத்தில் 145/2 என்றிருந்தால் 145 புல எண், 2 உட்பிரிவு. கிராமப் பட்டியலில் ஊர்ப் பெயரைக் காணோமா? பதறாதீங்க. அங்கே இருப்பது வருவாய் கிராமத்தின் பெயர். பழைய பட்டாவிலோ வரி ரசீதிலோ பாருங்க.

இனி சொல்வதுதான் முக்கியம். தளம் உண்மையானதா என்று பார்க்க, புதியவர் கோபுரச் சின்னத்தைத் தேடுகிறார். பழகியவர் மேலே இருக்கும் முகவரியைப் பார்க்கிறார். சின்னத்தை யாரும் ஒட்டிக்கலாம். தளத்தின் பெயர் 'டாட் கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்க. பட்டா பார்க்க அரசுத் தளத்தில் கட்டணம் கிடையாது. கோபுரத்தைக் காட்டிப் பணம் கேட்டால், அந்தப் பக்கத்தை அப்பவே மூடிடுங்க.

வீட்டில் பழகின பிள்ளைகளுக்கு ஒன்று. அப்பா "பட்டா எடுத்துக் குடுப்பா"ன்னா, போனை வாங்கி நாமே முடிச்சுடுறோம். அடுத்த தடவையும் அவர் கேட்டுத்தான் ஆகணும். நாம ஊரில் இல்லாத அன்னைக்கு யாரோ ஒருத்தர்கிட்ட போனை நீட்டுவார். அதனால போன் அவர் கையிலேயே இருக்கட்டும். பக்கத்தில் உட்காருங்க. அவர் எந்தச் சொல்லில் நிக்கிறாரோ, அதை மட்டும் சொல்லுங்க. வர்ற ஓடிபியையும் அவரே போடட்டும்.