வீட்டில் சுடலாம் போக்காச்சா ரொட்டி



இத்தாலி நாட்டின் வடமேற்குக் கடற்கரையில் லிகூரியா என்னும் மாநிலம் உள்ளது. அங்கு மலைகள் கடலோரம் வரை இறங்கி வருகின்றன. சமவெளி மிகக் குறைவு. சரிவுகளில் சாந்தின்றிக் கற்களை அடுக்கிச் சுவர் எழுப்பி, படிப்படியாக நிலம் திருத்தி, ஆலிவ் மரங்களை வளர்த்து வருகின்றனர். இப்படிகளில் டிராக்டர் ஏறாது, பெரும்பாலும் கைவேலைதான். இங்கு எடுக்கப்படும் எண்ணெய்க்கு 'ரிவியேரா லிகுரே' என்ற பெயர் 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டுள்ளது.

இந்த எண்ணெயைத் தாராளமாக ஏற்கும் பண்டமே போக்காச்சா என்னும் தட்டை ரொட்டி. லத்தீன் மொழியில் அடுப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. ஜெனோவா நகரத்தார் இதைக் காலையில் பால் காப்பியில் தோய்த்து உண்பதுண்டு. உப்பு ரொட்டிக்கும் காப்பிக்கும் என்ன பொருத்தம் என்று தோன்றலாம். உண்டு பார்த்தால் விளங்கும்.

வீட்டில் சுட்டவர்கள் 'அட்டை போல வந்துவிட்டது' என்று குறைப்படுகிறார்கள். பெரும்பாலும் காரணம் மாவன்று. தண்ணீரிலும் எண்ணெயிலும் நேரத்திலும் காட்டும் சிக்கனமே.

அரை கிலோ மைதாவுக்கு 300 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, 3 கிராம் உலர் ஈஸ்ட், 25 மில்லி ஆலிவ் எண்ணெய் போதும். பத்து நிமிடம் பிசையவும். சப்பாத்தி மாவைவிட நன்கு தளர்வாக இருத்தல் வேண்டும். கையில் ஒட்டுகிறதே என்று மேலும் மாவு தூவக் கூடாது. எண்ணெய் தொட்டுக் கொள்ளலாம். ஈஸ்ட்டைக் கூட்டி அவசரப்படுத்தினால் ரொட்டியில் புளிப்பு வாடை தங்கும். மூடி வைத்து, இரு மடங்காக உப்பும் வரை காத்திருங்கள். வெயில் காலத்தில் இதற்கு ஒரு மணி நேரமே ஆகலாம். கடிகாரத்தைவிட மாவைப் பார்ப்பதே நல்லது.

பிறகு, 30 மில்லி எண்ணெய் பூசிய, 30க்கு 40 செ.மீ. அளவுள்ள தட்டில் மாவைப் பரப்பவும். சுருங்கி வந்தால் இழுக்காமல் அரைமணி நேரம் விட்டு மீண்டும் பரப்பலாம். விரல் நுனிகளால் தட்டின் அடி தொடும்படி குழிகள் இடவும்.

இனி வருவதே முக்கியமான கட்டம். 60 மில்லி தண்ணீரில் 5 கிராம் உப்பைக் கரைத்து, 40 மில்லி எண்ணெய் சேர்த்து அடித்து, மேலே ஊற்றவும். மாவு குளம் போலத் தெரியும், அஞ்ச வேண்டாம். குழிகளில் நிற்கும் இந்த உப்புநீர் சூட்டில் ஆவியாகி, அவ்விடங்களை வெண்மையாகவும் மெதுவாகவும் வைக்கும். மேடுகள் மட்டும் பொன்னிறமாகும். இதைத் தவிர்த்தால் கிடைப்பது வேறு ரொட்டி.

மேலும் ஒரு மணி நேரம் உப்பவிட்டு, 230 டிகிரிக்கு முன்கூட்டியே சூடேற்றிய ஓவனில் 15 முதல் 18 நிமிடம் சுடவும். மேலிருந்தும் அனல் வேண்டுமாதலால் தோசைக்கல்லில் இது வராது.

ஜெனோவாவை அடுத்த ரெக்கோ ஊரின் போக்காச்சாவில் ஈஸ்ட்டே கிடையாது. இரு மெல்லிய மாவுத் தகடுகளுக்கிடையே புதிய பாலாடைக்கட்டி வைத்துச் சுடுவர். இதற்கு 2015இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

சுட்ட ரொட்டியைத் தட்டிலேயே வைத்திருந்தால் அடிப்பகுதி நீர்கோத்துக் கொள்ளும்; உடனே கம்பி வலைமேல் மாற்றவும். அன்றே உண்பது உத்தமம். மீந்ததைக் குளிர்பெட்டியில் வைத்தால் விரைவில் விறைத்துவிடும். துணியில் சுற்றி வைத்து, மறுநாள் சூடாக்கி உண்ணலாம்.